முட்டையில் குழைத்த பொடி

பொன்னுத்தாய் அத்தையின் முகம் உருண்டு திரண்டு பளபளவென்று ஆனபோது ஊரே பூரித்துப் போனது. எனக்கு மட்டும் அது நல்லதாகப் படவில்லை.

"பொன்னுத்தாயி பூசுனாப்புல ஆயிட்டா, பாத்தியா?" என்று கேட்டவர்களுக்கு நான் பதில் சொல்லாமல் நகர்ந்துவிடுவேன். சொன்னால் பொறாமை என்பார்கள். ஊருக்குள் ஒருத்தி அரசாங்கச் சம்பளம் வாங்கினால் அவள் பேசுவதில் பாதி பொறாமை, மீதி திமிர் என்று முடிவு கட்டிவிடுகிறார்கள். நான் வாய்க்காலுக்கு அந்தப் பக்கம், அடுத்த ஊரில் இருக்கிற ஆரம்ப சுகாதார நிலையத்தில் மருந்தாளுநர். என் பெயர் செம்மொழி. வாய் கொஞ்சம் முரடு என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

அத்தை எனக்கு எதிர்வீடு. குடவாசல் சுற்றுவட்டாரத்தில் நடவு என்றால் முதலில் அவருடைய போன்தான் அடிக்கும். சின்ன வயதிலிருந்து சேற்றில் குனிந்தவர், இப்போது ஒரு நடவு செட்டுக்குத் தலைவி. தலைவி என்றால் வரப்பில் நின்று ஏவுகிறவர் இல்லை. வரிசையில் முதல் ஆள் அவர்தான். அவர் கை போகிற வேகத்தில்தான் மற்றப் பெண்களின் கை போகும். நடவு இயந்திரம் வந்தது, வடக்கேயிருந்து ஆட்கள் வந்தார்கள், பல ஊர்களில் பெண்கள் செட்டு கலைந்துபோனது. அத்தையின் செட்டு கலையவில்லை. "மெசினு சேத்துல மாட்டிக்கிட்டா இழுக்க டிராக்டர் வரணும். நான் மாட்டிக்கிட்டா நானே காலப் புடுங்கிக்குவேன்" என்பார்.

அப்படிப்பட்டவரின் கை ஒருநாள் காலையில் மூட மறுத்தது.

விரல் கணுக்கள் எல்லாம் வீங்கி, தொட்டால் சுட்டன. டம்ளரைப் பிடிக்க முடியவில்லை. வெயில் ஏற ஏறக் கொஞ்சம் இளகும். மறுநாள் விடிந்தால் மறுபடி கட்டை. எங்கள் பக்கத்தில் இதைச் சரவாங்கி என்பார்கள். முடக்குவாதம் என்றும் சொல்வதுண்டு.

வீக்கம் என்றாலே வியாதி என்று நினைக்கிறோம். அது அநியாயம். காலில் முள் குத்தினால் அந்த இடம் சிவந்து, சுட்டு, வீங்குவது உடம்பு நமக்காகச் செய்கிற வேலை. ரத்தக் குழாயை அகலத் திறந்துவிட்டு வெள்ளை அணுக்களை அனுப்புகிறது. அவை வந்து கிருமியை அடித்துத் தின்கின்றன. வேலை முடிந்ததும் போதும், கலைந்து போங்கள் என்று சொல்லவும் உடம்புக்குள்ளேயே ஆள் உண்டு. சிறுநீரகத்தின் தலையில் தொப்பி மாதிரி ஒரு சின்னச் சுரப்பி உட்கார்ந்திருக்கிறது. அதில் சுரக்கிற கார்ட்டிசால்தான் அந்தக் கட்டளையைக் கொண்டு போகிறது. சரவாங்கியில் முள்ளே குத்தாத இடத்தில் சண்டைக்கு ஆள் இறங்கிவிடுகிறது. காவலுக்கு வைத்தவன் வீட்டுக்காரனையே அடிப்பதுபோலச் சொந்த மூட்டையே அரிக்கும். கலைந்து போகச் சொன்னாலும் போகாது.

நான்தான் அத்தையைத் தஞ்சாவூருக்கு அழைத்துப் போனேன். அங்கே ஒரு மாத்திரை கொடுத்தார்கள், வாரத்துக்கு ஒருநாள் மட்டும். மூட்டை அரிக்கிற கூட்டத்தையே மெல்ல மெல்ல அடக்குகிற மாத்திரை அது. பலன் தெரிய இரண்டு மாதம்கூட ஆகும் என்று டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார். அத்தைக்குத்தான் பொறுமை இல்லை.

"குறுவ நடவு எனக்காக ரெண்டு மாசம் காத்துக்கிட்டு நிக்குமாடி?" என்று கேட்டுவிட்டு மாத்திரையைப் பரண்மேல் போட்டார்.

அந்த நேரத்தில்தான் துரைராசு வந்து சேர்ந்தான். ஊர் ஊராகச் சந்தைக்கு வருகிற ஆள். மூட்டுவலிக்கு மூலிகைப் பொடி, பச்சை டப்பா. சுக்கும் அதிமதுரமும் மணக்கும். சாப்பிடுகிற விதத்தையும் அவனே சொல்லிக்கொடுப்பான். காலையிலும் சாயங்காலமும் நாட்டுக்கோழி முட்டையை அரைவேக்காடாக அவித்து, அதில் பொடியைக் குழைத்து விழுங்க வேண்டும். முட்டை இல்லாமல் சாப்பிட்டால் பொடி வேலை செய்யாது, குடலை அறுத்துவிடும் என்று பயம் காட்டியும் வைத்திருந்தான்.

இரண்டே நாளில் அத்தையின் கை மூடியது. மூன்றாம் நாள் வயலில் இறங்கிவிட்டார்.

மூலிகைக்கு அவ்வளவு அவசரம் கிடையாது. இரண்டு நாளில் வீக்கத்தைச் சுருட்டி வைக்கிற சரக்கு எது என்று எனக்குத் தெரியும். அந்தச் சரக்குக்கு ஸ்டீராய்டு என்று பேர். உடம்பில் சுரக்கிற கார்ட்டிசாலின் வேலையையே பல மடங்கு வேகத்தில் செய்யும். டாக்டர் கையில் இருந்தால் உயிர் காக்கிற மருந்து. துரைராசு மாதிரி ஆட்கள் அந்த மாத்திரையை இடித்துச் சுக்குப்பொடியில் கலந்துவிட்டால், தின்கிறவருக்கு என்ன தின்கிறோம் என்றே தெரியாது.

ஏழெட்டு மாதம் ஓடியது. அத்தையின் முகம் உருண்டது. கழுத்துக்குப் பின்னால் சதை திரண்டது. கையில் சும்மா இடித்தாலே கன்றிப்போய் நீலம் பாய்ந்தது. தை அறுப்பின்போது நான் நேராகவே போய்க் கேட்டேன்.

"அத்த, அந்த டப்பாவ ஒரு தடவ குடுங்க. எங்க டாக்டர்ட்ட காட்டிட்டுத் தந்துடுறேன்."

"காட்டி?"

"உள்ள என்ன இருக்குன்னு தெரியணும்ல."

"என் கை மூடுது. அது தெரிஞ்சாப் போதும்." அத்தை என் முகத்துக்கு நேரே விரல்களை மடக்கி விரித்துக் காட்டினார். "ஒன் மாத்திர ரெண்டு மாசத்துல செய்யிறேன்னு சொன்னத இது ரெண்டு நாளுல செஞ்சுச்சு. அந்தக் கடுப்புதான ஒனக்கு?"

எனக்குச் சுர்ரென்று ஏறியது. "தின்னுங்க. தின்னுட்டுக் குண்டாகிச் செத்துப்போங்க" என்று கத்திவிட்டு வந்தேன். அன்றோடு எங்களுக்குள் பேச்சு நின்றது. எதிரெதிர் வாசலில் கோலம் போடுவோம், நிமிர்ந்து பார்த்துக்கொள்ள மாட்டோம்.

வைகாசியில் மாரியம்மனுக்குக் காப்புக் கட்டினார்கள். கை திரும்பி வந்ததற்கு நன்றியாக அத்தை பால்குடம் நேர்ந்திருந்தார். மஞ்சள் கயிற்றில் விரலி மஞ்சள் வைத்து மணிக்கட்டில் கட்டிக்கொண்டால், திருவிழா முடிகிறவரை விரதம். கவுச்சி கூடாது. ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது. எங்கள் ஊருக்கு எல்லை வாய்க்கால் மதகு. அங்கே சாலைக்குக் குறுக்கே வேப்பிலைத் தோரணம் கட்டிவிட்டார்கள். நான் தினமும் அந்த மதகைத் தாண்டித்தான் வேலைக்குப் போக வேண்டும். அதனால் காப்புக் கட்டிக்கொள்ளவில்லை. அதற்கும் என் காதுபடவே பேசினார்கள்.

காப்புக் கட்டி ஒரு வாரம் ஆகியிருந்தது. பால்குடத்துக்கு முதல் நாள், ஞாயிற்றுக்கிழமை. நான் வீட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்தேன். கோயில் பக்கம் பம்பைச் சத்தம் திடீரென்று உச்சத்துக்கு ஏறியது, பெண்கள் குலவை போட்டார்கள். தெருவில் யாரோ ஓடிக்கொண்டே சொன்னார்கள்.

"பொன்னுத்தாய்க்கு அருள் வந்துருச்சு!"

எனக்கு முதலில் அலட்சியமாகத்தான் இருந்தது. பிறகு எதிர்வீட்டுத் திறந்த கதவும் வாசலில் யாரோ வாந்தி எடுத்துச் சாம்பல் போட்டு மூடியிருந்ததும் கண்ணில் பட்டன. துணியை அப்படியே போட்டுவிட்டு ஓடினேன்.

கோயில் முன்னால் கூட்டம். நடுவில் அத்தை தரையில் கிடந்தார். மஞ்சள் புடவை முழுக்க நனைந்திருந்தது. கண் பாதி செருகியிருந்தது, வாய் எதையோ முணுமுணுத்தது. ஒருத்தி வேப்பிலையால் வீச, இன்னொருத்தி குடத்திலிருந்து மஞ்சள் தண்ணீரை ஊற்றிக்கொண்டிருந்தாள். மஞ்சளுக்கு வீக்கத்தை அடக்குகிற குணம் கொஞ்சம் உண்டுதான். அதற்காகக் குடம் குடமாகத் தலையில் கொட்டினால் ஜன்னிதான் வரும்.

நான் உட்கார்ந்து கையைப் பிடித்தேன். சித்திரை வெயில் இன்னும் தணியாத வைகாசி நாளில் அந்தக் கை சில்லென்று வியர்த்திருந்தது. நாடி நூல் மாதிரி ஓடியது. விரல் கணுக்கள் மறுபடி வீங்கியிருந்தன. 

"மாமா!" என்று கத்தினேன். அத்தையின் கணவர் பக்கிரி மாமா தூணோரம் கையைக் கட்டிக்கொண்டு நின்றிருந்தார். வாயில்லாப் பூச்சி. வீட்டில் அத்தை பேசுவதால் அவருக்குப் பேசுகிற வேலையே இருந்ததில்லை. "எப்பலேருந்து வாந்தி?"

"நேத்து சாயந்தரம் புடிச்சு. சாப்புடவே இல்ல. வவுறு வலிக்குதுன்னா. வெரதக் களைப்புன்னு நெனச்சோம்."

"பொடி? அந்தப் பச்ச டப்பாப் பொடி சாப்புடுறாங்களா?"

மாமா என்னைப் புரியாமல் பார்த்தார். "அது எப்புடி சாப்புட முடியும்? முட்டைல கொழைக்கணுமே. வெரதத்துல முட்ட ஆவாதுல்ல. காப்புக் கட்டுன அன்னிக்கே நிறுத்திட்டா."

எனக்கு எல்லாம் புரிந்துபோனது.

பம்புசெட் வைத்த வயலுக்கு வாய்க்கால் தண்ணீர் எதற்கு என்று தூர் வாராமல் விட்டுவிடுவோம். ஒரு வருடத்தில் வாய்க்கால் தூர்ந்து, காட்டாமணக்கு மண்டிப் போகும். அப்புறம் ஒருநாள் மோட்டார் நின்றால், மதகைத் திறந்தாலும் சொட்டுத் தண்ணீர் வயலுக்கு வராது. அத்தையின் உடம்புக்குள் நடந்ததும் அதுதான். வெளியிலிருந்து வண்டி வண்டியாகச் சரக்கு வருகிறதே என்று, சொந்தமாகச் சுரக்க வேண்டிய சுரப்பி ஒரு வருடமாகத் தூங்கிவிட்டது. காப்புக் கட்டிய அன்று பொடி நின்றது. சுரப்பி எழுந்திருக்கவில்லை. அந்தச் சரக்கு வீக்கத்தை மட்டும் கவனிக்கிறதில்லை. ரத்த அழுத்தத்தைத் தாங்கிப் பிடிப்பதும், பட்டினியில் சர்க்கரை இறங்காமல் காப்பதும் அதன் வேலைதான். அது இல்லாமல் பட்டினியும் வெயிலும் வாந்தியும் சேர்ந்தால் மனிதர் மணிக்கணக்கில் போய்விடுவார்.

எங்கள் டாக்டர் லத்தீஃபாவுக்குப் போன் போட்டேன். அன்று அவருக்குத்தான் பணி. பாதி சொல்லும்போதே புரிந்துகொண்டார். "செம்மொழி, பேசிக்கிட்டு நிக்காதீங்க. ஒடனே தூக்கிட்டு வாங்க. எமர்ஜென்சி டிரேல ஹைட்ரோகார்ட்டிசோன் ஊசி இருக்குல்ல?"

"இருக்கு மேடம். ரெண்டே ரெண்டு குப்பி."

"வாங்க."

108-க்கு அடித்தால் வண்டி திருவாரூர் பக்கம் போயிருக்கிறது, முக்கால் மணி நேரமாகும் என்றார்கள். கோயிலுக்குப் பின்னால் வாழைமரம் இறக்கிக்கொண்டு சேரனின் குட்டியானை நின்றது. நடவு செட்டைத் தினமும் வயலுக்கு ஏற்றிப் போகிற வண்டி. "சேரா, வண்டிய எடு!" என்றேன். அவன் என்னைப் பார்க்கவில்லை, எனக்குப் பின்னால் பார்த்தான். பின்னால் நாட்டாமை அண்ணாதுரை நின்றார்.

"எங்க தூக்குற?"

"ஆஸ்பத்திரிக்குப் பெரியப்பா. உசுரு போயிட்டிருக்கு."

"ஆத்தா எறங்கியிருக்கா. தொடாத. மலையேறுனா தானா தெளியும்."

"அருள் வந்தவங்களுக்கு நாடி குதிக்கும். இவங்களுக்கு நாடியே கெடைக்கல. தொட்டுத்தான் பாருங்களேன்!"

"கையில காப்பு இருக்கு, பாத்தியா? காப்போட எல்லையத் தாண்டுனா அவளுக்கு மட்டுமா கேடு? ஊருக்கே கேடு. நீ கட்டல, ஒனக்கு ஒண்ணுமில்ல. நாங்க கட்டியிருக்கோம்." அவர் கத்தவில்லை. கோபமும் இல்லை. நிஜமாகவே பயந்திருந்தார். கோபக்காரரோடு மல்லுக்கட்டலாம், பயந்தவரோடு என்ன செய்வது?

"அப்ப காப்ப அறுத்துடலாம்" என்றேன். கூட்டம் மொத்தமும் ஒரு அடி முன்னால் வந்தது. நடவுப் பெண்கள்தான் முன்னால் நின்றார்கள். அவர்கள் மணிக்கட்டிலும் மஞ்சள் கயிறு. தலைவி நேர்ந்துகொண்டதும் செட்டே நேர்ந்துகொண்டிருந்தது. "அறுத்தா அக்காவுக்குத்தாண்டி ஆவாது" என்று ஒருத்தி அழுதாள். எனக்கும் அழுகை முட்டியது. காரணத்தை எடுத்துச் சொன்னேன். சுரப்பி என்றேன், கார்ட்டிசால் என்றேன், காலில் விழுகிறேன் என்றும் சொன்னேன். ஒருவரும் அசையவில்லை. அத்தையின் முணுமுணுப்பும் நின்றுபோனது.

அப்போது பக்கிரி மாமா வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தார். அத்தையின் கையை எடுத்து மடியில் வைத்து, மஞ்சள் கயிற்றின் முடிச்சைப் பல்லால் கடித்து இளக்கினார். யாரோ அவர் தோளைப் பிடித்தார்கள். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவிழ்த்த கயிறு தரையில் படாமல், அப்படியே தன் மணிக்கட்டில் சுற்றி, ஒரு நுனியைப் பல்லில் கவ்விக்கொண்டு முடிச்சுப் போட்டார்.

"வேண்டுதல் இப்ப என் கையில இருக்கு" என்றார். அவர் குரலை அவ்வளவு பேர் நடுவில் நான் கேட்டதே இல்லை. "நான் எல்லையத் தாண்டல. இங்கனயே இருக்கேன். அவளப் போவ வுடுங்க."

அண்ணாதுரை அந்தக் கயிற்றையே பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு ஒதுங்கி வழிவிட்டார்.

சேரன் வண்டியை எடுத்த வேகத்துக்கு நானும் அத்தையும் பின்னால் உருண்டோம். மாமா கோயில் வாசலிலேயே நின்றார், கையைக்கூட ஆட்டவில்லை. நான் அத்தையின் தலையை மடியில் வைத்துக்கொண்டு கன்னத்தைத் தட்டித் தட்டிப் பேசினேன். "திட்டுங்க அத்த. என்னத் திட்டுங்க. செத்துப்போங்கன்னு சொன்னேன்ல, அதுக்குத் திட்டுங்க." மதகைத் தாண்டும்போது தோரணத்தின் வேப்பிலை வண்டியின் தலையில் உரசிச் சிதறியது.

நிலையத்தில் லத்தீஃபா மேடம் வாசலிலேயே நின்றார். ரத்த அழுத்தக் கருவி முதலில் எதையுமே காட்டவில்லை. இரண்டாம் தடவை காட்டிய எண்ணைப் பார்த்து நர்ஸ் உதட்டைக் கடித்தார். சர்க்கரையும் தரைமட்டம். நரம்பு கிடைக்காமல் தேடித் தேடி ஊசியை ஏற்றி, குப்பி மருந்தை உள்ளே தள்ளி, குளுக்கோஸ் கலந்த உப்புத் தண்ணீரைத் திறந்துவிட்டார்கள். நான் சுவரில் சாய்ந்து நின்றுகொண்டேன். 

கொஞ்ச நேரத்தில் உதடு நிறம் மாறியது. இரண்டாவது பாட்டில் ஏறும்போது அத்தை கண்ணைத் திறந்தார். மேலே ஓடிய மின்விசிறியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"இங்க என்னடி பண்ணுற?" என்றார். பேச்சு நின்றதற்கு அப்புறம் என்னிடம் அவர் பேசிய முதல் வார்த்தை அது. நான் சிரிக்கிறேன் என்று நினைத்து அழுதேன்.

நடந்ததை எல்லாம் சொன்னேன். பொடிக்குள் என்ன இருந்திருக்கும் என்பதையும், பம்புசெட் கதையையும் சொன்னேன். வாய்க்கால் தூர்ந்த கதை என்றதும் சட்டென்று பிடித்துக்கொண்டார். வெறும் மணிக்கட்டைத் தடவிப் பார்த்தபடி கேட்டார்.

"இப்ப எனக்கு ஏத்துனது என்ன மருந்து?"

பொய் சொல்லத் தோன்றவில்லை. "அதே சாதிதான் அத்த. உடம்புல சுரக்குற அதே சரக்கு. இதையும் திடீர்னு நிறுத்த மாட்டாங்க. மாசக்கணக்குல கொஞ்சங் கொஞ்சமாக் கொறைச்சு, உள்ள இருக்குற சுரப்பிய எழுப்பணும். தூர் வாருற மாதிரி."

"அப்ப கெடுத்தது பொடி இல்ல. நிறுத்துனதுதான்."

"ரெண்டுந்தான். ஆனா இன்னிக்கு ஒங்களச் சாய்ச்சது திடீர்னு நிறுத்துனது."

 சட்டென்று அத்தையின் முகம் மாறியது. எழுந்து உட்காரப் பார்த்தார், ஊசிக் கையை ஊன்றிவிட்டார், குழாயில் ரத்தம் ஏறியது. நான் தோளைப் பிடித்து அழுத்தினேன்.

"அடியே செம்மொழி! அந்த டப்பாவ நான் மட்டுமா திங்கிறேன்? எனக்குக் கை நல்லாயிருச்சுன்னு செட்டுக்கே நான்தான வாங்கிக் குடுத்தேன். எவளுக்கு முட்டி வலி இல்ல, எவளுக்கு இடுப்பு வலி இல்ல? எல்லாரும் திங்கிறாளுவ. எல்லாரும் என்னோடதான் காப்புக் கட்டுனாளுவ."

எல்லாரும் முட்டையை நிறுத்தியிருப்பார்கள்.

லத்தீஃபா மேடம் கையிலிருந்த பேனாவைக் கீழே வைத்தார். "எல்லாரையும் இங்க வரச் சொல்லுங்க. வர்ற வரைக்கும்..." என்று இழுத்தார்.  "வர்ற வரைக்கும் அந்தப் பொடியச் சாப்புடச் சொல்லுங்க. இப்பவே. வேற வழி இல்ல."

ஒரு வருடமாக நான் சபித்த பொடி. அதைத் தின்னச் சொல்லி நானே போன் போட வேண்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு அந்தத் துரைராசுவைக் கழுத்தைப் பிடித்து நெரிக்கலாம்போல இருந்தது. சேரனை வண்டியோடு ஊருக்குத் திருப்பி அனுப்பிவிட்டுப் பக்கிரி மாமாவுக்கு அடித்தேன். அவர் கோயிலில்தான் இருந்தார். செட்டுப் பெண்களைக் கூப்பிட்டு, எல்லாருக்கும் கேட்கப் போனை ஸ்பீக்கரில் போட்டார். நான் விஷயத்தைச் சொன்னதும் ஒரே கூச்சல்.

"முட்டைய எப்புடித் தொடுறது? விடிஞ்சா பால்குடம்!"

"அக்காவ எல்ல தாண்ட வச்சது பத்தாதா? எங்களையும் கெடுக்கப் பாக்குறியா?"

அத்தை என் கையிலிருந்து போனைப் பிடுங்கினார். விரல் மடங்காததால் இரண்டு உள்ளங்கைக்கும் நடுவே வைத்து வாயருகே கொண்டுபோனார்.

"நான்தாண்டி பொன்னுத்தாயி." கூச்சல் அப்படியே அடங்கியது. வயலில் அந்தக் குரலுக்கு அடங்காத கூட்டம் கிடையாது. "நான் சாவல. உசுரோடதான் பேசுறேன். முட்ட வேணாம். அந்தப் பய சொன்னது பொய்யி. பொடிய வெறுந் தண்ணியில கலக்கிக் குடிங்க. குடலு அறுபடாது. ஆத்தாவும் கோவிச்சுக்க மாட்டா. கோவிச்சுக்கிட்டா எங்கிட்ட வந்து கேக்கச் சொல்லுங்க. ஓடிப்போயி டப்பாவ எடுத்துட்டு வந்து குடிங்க. குடிச்சிட்டு ஒவ்வொருத்தியா எங்கிட்டச் சொல்லணும். சொல்லாம போன வைக்க மாட்டேன்."

வைக்கவில்லை. ஓடுகிற காலடிச் சத்தம், கதவு திறக்கிற சத்தம், சொம்பு உருளுகிற சத்தம் எல்லாம் கேட்டது. பிறகு ஒவ்வொரு குரலாக வந்தது. "குடிச்சிட்டேங்க்கா." "குடிச்சிட்டேன்." "கசக்குதுக்கா, குடிச்சிட்டேன்." அத்தை வரிசையில் நிற்கிற ஆட்களை எண்ணுவதுபோல ஒவ்வொன்றுக்கும் தலையை ஆட்டினார்.

"மலர்க்கொடி?" என்றார்.

சத்தமில்லை.

"மலர்க்கொடி எங்கடி?" வரிசையில் அத்தைக்கு அடுத்த கை அவள்தான். புருஷன் திருப்பூரில் வேலை. வீட்டில் தனியாக இருக்கிறவள்.

"காலையிலேருந்தே மண்டபத்துல படுத்துருக்காக்கா" என்று ஒரு குரல். "தூங்குறான்னு நெனச்சோம்." அப்புறம் ஓடுகிற சத்தம். ஒரு அலறல். மாமா என்னவோ சொன்னார், காதில் விழவில்லை. போன் அறுந்துபோனது.

மறுபடி அடித்தோம். எடுக்கவில்லை. மேடம் மிச்சமிருந்த ஒரே குப்பியை எடுத்துப் பக்கத்துக் கட்டிலில் தயாராக வைத்தார். அத்தை வாசலையே பார்த்துக்கொண்டு கிடந்தார். "நான்தான குடுத்தேன்" என்று திரும்பத் திரும்பச் சொன்னார். அப்படிச் சொல்லாதீர்கள் என்று சொல்ல வாயெடுத்தேன். முடியவில்லை. என் காது முழுக்க வண்டிச் சத்தத்துக்காகக் காத்திருந்தது.

குட்டியானை வந்து நின்றபோது பின்பக்கத்திலிருந்து இறங்கியவர் பக்கிரி மாமா. தோளில் மலர்க்கொடி துவண்டு கிடந்தாள். கட்டிலில் கிடத்தியதும் மேடமும் நர்ஸும் சூழ்ந்துகொண்டு அந்தக் கடைசிக் குப்பி மருந்தை ஏற்றினார்கள். மாமா சுவரோரம் ஒதுங்கி நின்று மூச்சு வாங்கினார். அவர் மணிக்கட்டில் இப்போது இரண்டு மஞ்சள் கயிறு இருந்தது. மலர்க்கொடியின் காப்பையும் வாங்கிக் கட்டிக்கொண்டிருந்தார்.

அத்தைதான் முதலில் பார்த்தார். "என்னங்க... எல்லையத் தாண்டிட்டீங்களா?"

"தாண்டிட்டேன்."

"ரெண்டு பேரு காப்பையும் கட்டிக்கிட்டா?"

"வண்டி குலுங்குது. தலையப் புடிச்சுக்க ஆளு இல்ல." ஏதோ தப்புச் செய்துவிட்ட பிள்ளை மாதிரிச் சொன்னார். "மதவுல தோரணம் மாட்டிக்கிச்சு. அண்ணாதுரதான் தூக்கிப் புடிச்சாரு."

அத்தையின் உதடு துடித்தது. கையை நீட்டினார், மாமா பக்கத்தில் போனார். அந்தக் கயிறு கட்டிய மணிக்கட்டைப் பிடிக்கப் பார்த்தார் அத்தை. விரல்கள் வீங்கி விறைத்திருந்தன. பிடி சேரவில்லை. பொடி வருவதற்கு முந்தைய காலைகளில் டம்ளரைப் பிடிக்க முடியாமல் நின்ற அதே கை. இந்தக் குறுவைக்கு அது சேற்றில் இறங்காது என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரிந்தது.

"புடிக்க வரலங்க" என்றார்.

மாமா தன் மற்றக் கையால் அவர் விரல்களை ஒவ்வொன்றாக மடக்கித் தன் மணிக்கட்டின் மேல் வைத்து, விலகாமல் பொத்திக்கொண்டார்.

பக்கத்துக் கட்டிலிலிருந்து நர்ஸ் குரல் கொடுத்தார். "மேடம், இவங்களுக்கும் பிரஷர் ஏறுது."